பச்சிளங்குழந்தையின் வலிப்பைக் கணினியால் கண்டுபிடிக்க முடியுமா?

கிண்டியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பதிவான பச்சிளங்குழந்தைகளின் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கி, வலிப்பைக் கண்டறியும் ஒரு மெஷின் லேர்னிங் மாடலை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலை, அவர் பயிற்றுவித்திருக்கிறார். அது 98 விழுக்காடு சரியாகச் சொல்கிறதாம். எழும்பூரில் உள்ளது போன்ற ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் அதை உடனே பயன்படுத்த முடியுமா, இ.இ.ஜி. கருவி இல்லாத இடங்களில் ஒரு கேமராவை மட்டும் வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாதா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். பச்சிளங்குழந்தைகளின் மூளை மின் அலைப் பதிவுகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் பயோமெடிக்கல் பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த 98 எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தைகளை ஆராய்ந்து, அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழந்தையின் மொத்த வலிப்பு நேரம் 40 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஏதேனும் ஒரு மணி நேரத்துக்குள் 13 நிமிடத்துக்கு மேல் வலிப்பு ஓடியிருந்தாலோ, பிற்கால வளர்ச்சி பாதிக்கப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதே அது. ஆகவே 40 நிமிடம் என்பது எந்த மருத்துவரும் கவலைப்பட வேண்டிய அளவு. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். அந்த நாளில் 40 நிமிடம் வலிப்பு வந்த குழந்தையின் பதிவை, எதையுமே பார்க்காமல் ‘வலிப்பு இல்லை’ என்று மட்டும் திரும்பத் திரும்ப எழுதும் ஒரு நிரலிடம் கொடுத்தால், அது 97 விழுக்காட்டுக்கு மேல் ‘சரியாக’ச் சொல்லிவிடும்; அந்தக் குழந்தையின் ஒரு வலிப்பைக்கூட அது பிடித்திருக்காது. வலிப்புள்ள துண்டுகளையும் இல்லாத துண்டுகளையும் சம எண்ணிக்கையில் பொறுக்கியெடுத்துச் சோதித்தேன் என்று நீங்கள் சொன்னால் இந்தக் குறை தீரும். ஆனால் எந்த வார்டிலும் இரண்டும் பாதிக்குப் பாதி வருவதில்லை என்பதால் அந்த எண்ணும் வார்டைப் பற்றி எதையும் சொல்லாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மாணவர்களின் அறிக்கைகளில் நான் அடிக்கடி காண்பது. பதிவை 8 நொடித் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டுகள் பாதியளவு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் குலுக்கி, எண்பதைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே குழந்தையின் ஒரே வலிப்பின் முன்பாதி பயிற்சியிலும் பின்பாதி சோதனையிலும் போய் விழும். ஒவ்வொரு குழந்தையின் இ.இ.ஜி.க்கும் அதற்கே உரிய சாயல் இருக்கிறது: மண்டையின் அளவு, தலையில் எலக்ட்ரோடு (மின் அலையை வாங்கும் சிறு முனை) ஒட்டிய இடம், கொடுத்திருக்கும் மயக்க மருந்து எல்லாம் அதில் பதிந்திருக்கும். மாடல் வலிப்பைக் கற்றுக்கொள்ளாமல் அந்தக் குழந்தையை அடையாளம் கண்டுகொள்கிறது. வினாத்தாளின் பாதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. முழுக் குழந்தைகளையே பிரித்து, சோதனைக்கு ஒதுக்கிய குழந்தையின் ஒரு நொடிப் பதிவுகூடப் பயிற்சிக்குள் வராதபடி மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். எண் கீழே இறங்கும். அந்த எண்ணைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் எடுத்திருக்கும் தொகுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2019-இல் வெளியான அந்தத் தொகுப்பில் நிறைமாதத்தில் பிறந்த 79 குழந்தைகளின் பதிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மூன்று வல்லுநர்கள் தனித்தனியே பார்த்து வலிப்புள்ள இடங்களைக் குறித்திருக்கிறார்கள். மூவரும் ஒத்துக்கொண்ட வலிப்பு 39 குழந்தைகளிடம் இருந்தது. மூவருமே வலிப்பில்லை என்று சொன்ன குழந்தைகள் 22 பேர். மிச்சமுள்ள 18 பேரைப் பற்றி, வாழ்நாள் முழுதும் இதே வேலையாக இருப்பவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. உங்கள் மாடல் எந்த வல்லுநரின் குறிப்பை விடையாக எடுத்துக்கொண்டது, அந்த 18 குழந்தைகளை நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் ஒரு மாடல் 98 வாங்குகிறது என்றால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முந்தி வருகிறது.

இனி கேமரா பற்றிய கேள்விக்கு வருகிறேன். பச்சிளங்குழந்தை வலிப்பின் இயல்பே இங்குதான் அடங்கியிருக்கிறது. ஃபிட்ஸ் என்றதும் நம் மனத்தில் வருவது கை கால் வெட்டி வெட்டி இழுப்பதும் வாயில் நுரை தள்ளுவதும்தான். பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைக்குப் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. உதட்டைச் சப்பும், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசையும், சில நொடி மூச்சு நிற்கும். மறுபுறம், வலிப்பே இல்லாத அசைவுகளும் ஏராளம். தூக்கத்தில் குழந்தை முகம் சுளிப்பதையும் திடுக்கிடுவதையும் ‘நரி மிரட்டுது’ என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அவற்றுள் பெரும்பாலானவை இயல்பானவை. கையைப் பிடித்தால் நின்றுவிடும் நடுக்கமும் வலிப்பல்ல. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் இ.இ.ஜி.யையும் வீடியோவையும் ஒருங்கே பதிவு செய்து பார்த்தார்கள். இ.இ.ஜி.யில் தெரிந்த 526 வலிப்புகளில் உடலில் ஏதாவது அறிகுறி காட்டியவை 179 மட்டுமே. வார்டில் இருந்தவர்கள் வலிப்பு என்று எழுதிவைத்த நிகழ்வுகள் 177. அவற்றில் 129-க்கு இ.இ.ஜி.யில் எந்தச் சான்றும் இல்லை. 526-இல் 48-ஐத்தான் கண்ணால் சரியாகப் பிடித்திருந்தார்கள். அவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்கு வலிப்புகள் உடலில் எந்த அசைவையும் காட்டாதபோது, எவ்வளவு நல்ல கேமராவானாலும் எவ்வளவு ஆழமான நியூரல் நெட்வொர்க்கானாலும் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வழியில்லை. உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பச்சிளங்குழந்தை வலிப்பை உறுதி செய்ய இ.இ.ஜி.யை மையமாக வைத்ததற்கும் இதுவே காரணம்.

மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்க உடல் ஏன் அசையாமல் கிடக்கிறது என்று கேட்கலாம். பிறந்த குழந்தையின் மூளையில் ஒரு பகுதியில் எழும் மின்கிளர்ச்சி உடலை அசைக்கும் பாதைகள் வரை போய்ச் சேர, அந்தப் பாதைகள் இன்னும் முழுதாக முதிர்ந்திருப்பதில்லை. மருந்து கொடுத்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகிறது. முதல் மருந்தாகத் தரப்படும் பீனோபார்பிட்டோன், மூளையில் அடக்கும் வேலையைச் செய்யும் காபா என்ற வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கிறது. பச்சிளம் நரம்பணுக்களுக்குள் குளோரைடு கூடுதலாக இருப்பதால், பெரியவர்களிடம் அடக்கும் காபா இங்கே சில பகுதிகளில் தூண்டவும் கூடும். தண்டுவடத்தையும் மூளைத்தண்டையும் ஒட்டிய பகுதிகள் முந்தி முதிர்ந்துவிடுவதால் அங்கே மருந்து வேலை செய்து உடலின் அசைவு நின்றுபோக, மேல்மூளையில் வலிப்பு தொடர்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். தொட்டில் அருகே நிற்பவருக்கு ‘மருந்து கொடுத்தோம், அடங்கிவிட்டது’ என்றே தோன்றும். இ.இ.ஜி. ஓடிக்கொண்டிருந்தால்தான் அடங்கவில்லை என்பது தெரியும்.

அந்த இ.இ.ஜி.யை இரவு முழுவதும் யார் பார்ப்பது என்பதிலிருந்துதான் மெஷின் லேர்னிங் இந்தத் துறைக்குள் நுழைந்தது. கார்க் குழுவினர் 2011-இல் வெளியிட்ட முறை, 17 குழந்தைகளின் பதிவுகளை 8 நொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் 55 அளவைகளைக் கணக்கிட்டு, சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற வகைப்படுத்தியிடம் கொடுத்தது. அந்த அளவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கோட்டின் நீளம். திரையில் ஓடும் அலையை ஒரு நூல் என்று நினைத்துக்கொண்டு இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்தால் எவ்வளவு நீளம் வரும்? மந்தமான அலையின் நூல் குட்டை. கூர்கூராக ஏறி இறங்கும் வலிப்பலையின் நூல் நெட்டை. இவ்வளவு எளிய கணக்கு பல சிக்கலான அளவைகளுக்கு ஈடுகொடுக்கிறது. பின்னர் 2020 வாக்கில் இந்த 55 அளவைகளையும் மனிதர் வகுத்துத் தராமல், நொடிக்கு 32 புள்ளிகள் வீதம் 8 நொடிக்கு 256 எண்களை அப்படியே கன்வல்யூஷன் நெட்வொர்க் என்ற வகை நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்து, வேண்டியதை அதையே கற்றுக்கொள்ளவைக்கும் முறைகள் வந்தன. பச்சிளங்குழந்தை வலிப்பின் ஆற்றல் பெரும்பாலும் 13 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 13 அலை) கீழேயே இருப்பதால் நொடிக்கு 32 புள்ளிகள் போதும். மடிக்கணினியிலேயே உங்கள் மாடல் ஓடுவதும் அதனால்தான்.

ஆனால் வலிப்பு என்பது ஒரு துண்டில் அடங்குவதல்ல. குறைந்தது 10 நொடியாவது நீடித்து, திடீரென்று தொடங்கி, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, போகப்போக வீச்சும் வேகமும் மாறி, சில வேளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்து, பிறகு ஓய்வதையே வல்லுநர் வலிப்பு என்கிறார். எந்தத் துண்டையும் தனியே பார்க்காமல் அதன் முன்னும் பின்னும் வந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும் பின்செயலாக்கத்தில்தான் நல்ல முறைக்கும் சுமாரான முறைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தெரிகிறது. மாடலின் அடுக்குகளைக் கூட்டச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

மருத்துவமனையில் இது உண்மையில் உதவியதா என்பதற்கு நம்மிடம் உள்ள சிறந்த சான்று, 2020-இல் வெளியான ஆன்சர் என்ற சோதனை. அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய நாடுகளின் 8 மருத்துவமனைகளில், எல்லாக் குழந்தைகளுக்கும் இ.இ.ஜி. ஓடவிட்டு, ஒரு குழுவுக்கு மட்டும் கணினியின் கணிப்பையும் திரையில் காட்டினார்கள். முடிவெடுத்தவர் இரு குழுவிலும் மருத்துவர்தான். வலிப்புள்ள குழந்தையை ‘வலிப்புள்ள குழந்தை’ என்று அடையாளம் காண்பதில் இரு குழுக்களுக்கும் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை: கணினித் துணையுடன் 81.3 விழுக்காடு, துணையில்லாமல் 89.5. மணிக்கணக்கில் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. வலிப்பு ஓடிய மணி நேரங்களில் சரியாகக் கண்டுகொள்ளப்பட்டவை துணையில்லாத குழுவில் 45.3 விழுக்காடு, துணையுள்ள குழுவில் 66.0 விழுக்காடு. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நாள் முழுவதும் இ.இ.ஜி. ஓடினால் ஒரு குழந்தைக்கு வலிப்பு உண்டா என்பது நல்ல மருத்துவருக்கு எப்படியும் ஒரு கட்டத்தில் தெரிந்துவிடும். அது அதிகாலை 3 மணிக்கு மறுபடியும் தொடங்கியதா என்பதைச் சொல்லத்தான் கணினி வேண்டும். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு வலிப்புச் சுமை, அதாவது வலிப்பில் கழியும் மொத்த நேரம், குறைகிறது என்பதால் இந்தச் சிறு உதவி பெரிய காரியம்.

இந்த எண்களை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியுமா என்பதில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறேன். மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை செல்வ நாடுகளில் பலன் தந்தது. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகியவற்றின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. சென்னையும் அதில் ஓர் ஆய்வுக்களம். குளிர்வித்த குழுவில் 42 விழுக்காட்டுக் குழந்தைகளும், குளிர்விக்காத குழுவில் 31 விழுக்காட்டுக் குழந்தைகளும் இறந்தார்கள். நோயின் பெயர் ஒன்றானாலும், குழந்தைகளும் அவர்கள் வந்து சேர்ந்த வழியும் ஒன்றல்ல. ஹெல்சிங்கிக் குழந்தைகளிடம் கற்ற மாடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்பது என் கருத்து. குறைமாதக் குழந்தைகளுக்கு அது அறவே பொருந்தாது. அவர்களின் இயல்பான இ.இ.ஜி.யே விட்டுவிட்டுத்தான் வரும்.

வார்டில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நகரின் ஒரு மருத்துவமனையில் எங்கள் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இரவு ஒரே குழந்தைக்கு மூன்று முறை எச்சரிக்கை வந்தது. பதிவைத் திறந்து பார்த்தால், பின்தலை எலக்ட்ரோடுகளில் நொடிக்கு இரண்டு வீதம் சீரான அலை, நாற்பது நொடி ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றிருந்தது. எனக்கே வலிப்பாகத்தான் பட்டது. வீடியோவில் தெரிந்ததோ வேறு: அழுத குழந்தையைத் தாய் மடியில் கிடத்தி முதுகில் தட்டிக்கொடுக்கிறார், குழந்தை கண்ணயர அயர அவர் கையும் தளர்கிறது. தாளம் ஒன்று, தொடக்கம் ஒன்று, தளர்ந்து ஓய்வதும் ஒன்று. வலிப்பின் எல்லா இலக்கணமும் அதில் இருந்தது. விக்கல், பால் சப்புவது, வென்டிலேட்டரின் அதிர்வு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். நம் ஊரில் இவற்றோடு இன்னும் சில சேர்கின்றன: குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரின் சூட்டில் எலக்ட்ரோடு பேஸ்ட் காய்ந்து சில மணி நேரத்தில் பிடி தளர்கிறது, வியர்வை அலையை மேலும் கீழும் ஊசலாட வைக்கிறது, எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறுகிறது, வேறு ஊரிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குழந்தையின் தலையில் வீட்டில் தடவிய எண்ணெய் இருந்தால் எதுவும் ஒட்டுவதே இல்லை. இவற்றையெல்லாம் உங்கள் மாடல் கண்டதில்லை.

ஆகவே தவறான எச்சரிக்கை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். மணிக்கு அரை எச்சரிக்கை என்பது காகிதத்தில் நன்றாகத் தெரியும். 10 குழந்தைகள் உள்ள வார்டில் அது நாளுக்கு 120 முறை. இரவில் இரண்டு சிஸ்டர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் மூன்றாம் நாள் அந்தக் கருவியின் ஒலியை அணைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பொய் எச்சரிக்கைக்கு இன்னொரு விலையும் உண்டு. வலிப்பில்லாத குழந்தைக்கு வலிப்பு மருந்து போனால் உறக்கம் மிகும், மூச்சு தளரும், பால் குடிப்பது தள்ளிப்போகும்.

உடனே பயன்படுத்த முடியாது என்பதே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில். நோயறியும் மென்பொருள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின் கீழ் வரும். அதற்கு முன்பாகவே மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனால் நான்கு மாதத்தில் மெய்யாகவே பயன்படும் வேலை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. ஹெல்சிங்கிப் பதிவில் 19 எலக்ட்ரோடுகள். நம் வார்டுகளில் இரவில் ஒருவர் தனியாக ஒட்டக்கூடியது நான்கு, மிஞ்சினால் எட்டு. எலக்ட்ரோடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் எத்தனை வலிப்புகள் நழுவுகின்றன, நழுவுபவை எந்தப் பகுதியில் எழுபவை, மணிக்கணக்கிலான வலிப்புச் சுமையின் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதைக் குழந்தைவாரியாகப் பிரித்துச் சோதித்து எழுதுங்கள். கூடவே வேண்டுமென்றே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும், இரண்டு ஹெர்ட்ஸ் தட்டல் அலையையும் கலந்து, மாடல் எங்கே ஏமாறுகிறது என்று பாருங்கள்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவின் டியூட்டி டாக்டரைப் போய்ப் பாருங்கள். போகும்போது விழுக்காடு எதையும் சொல்லாமல், உங்கள் மாடல் தவறவிட்ட பத்து வலிப்புகளையும் வீணாகக் கூவிய பத்து இடங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் தொட்டிலில் என்ன நடந்திருக்கும் என்று அவரும் இரவுப் பணி சிஸ்டரும் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.